என் முழங்காலும் அவருடைய அமெரிக்காவும்

என் கணவர் ஜம்புநாதனுக்கு அமெரிக்காவில் ஓட்டு கிடையாது, வீடு கிடையாது, ஒன்றுவிட்ட தம்பி ஒருவன்கூடக் கிடையாது. ஆனால் வாஷிங்டனில் ஒரு மசோதா வந்துவிட்டால் மொன்றியாலில், லாசால் பகுதியில், எங்கள் வீட்டு மேல்மாடியில் காப்பி ஆறிப்போகும். மசோதாவை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் காப்பியைத் தொடுவார். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் யாழ்ப்பாணத்துப் புஷ்பராணி ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உவருக்கு அங்கை வோட்டே இல்லை. பிறகு ஏன் உவ்வளவு கோவம்?" அந்தக் கோபம் என் முழங்கால் வரை வரும் என்று மட்டும் அப்போது தெரிந்திருந்தால் அன்றைக்கே ரேடியோவைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன்.

கோபத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. சென்னையில் எழுபத்தொன்றாம் வருஷம் இவர் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார். டெலிபோனுக்கும் பதிவு செய்தார். கல்யாணம் ஆயிற்று, பெண் பிறந்தாள், வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கனடா வந்தோம். இங்கே வந்த மறு வருஷம் மாமனார் கடிதம் எழுதினார்: ஸ்கூட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பதினைந்து நாளுக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். டெலிபோன் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அந்தக் கடிதத்தை இவர் இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறார். அரசாங்கம் ஒரு பொருளைத் தன் கையில் எடுத்துக்கொண்டால் அந்தப் பொருள் மறைந்து வரிசை மட்டும் மிஞ்சும் என்பது இவருடைய கட்சி. அதற்கு அத்தாட்சியாக எடுத்துக் காட்டுவது அந்தக் கடிதத்தைத்தான்.

முப்பது வருஷம் விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இன்ஜினியராக இருந்தார். அளவில் ஒரு மயிரிழை பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடும் மனிதர். ஓய்வு பெற்றதும் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் போனது. அந்த நேரம் பார்த்து எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் அமெரிக்க ரேடியோ ஒன்று இவருக்குப் பிடிபட்டது. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஒருவர் பேசுவார், ஊர்க்காரர்கள் போன் செய்து அவரோடு பேசுவார்கள். எல்லாம் சின்ன அரசாங்கம் வேண்டும் என்கிற கட்சிக்காரர்கள். இரண்டாயிரத்து எட்டு இலையுதிர் காலத்தில் அங்கே வங்கிகள் கவிழ்ந்து, அரசாங்கம் அவற்றைத் தூக்கி நிறுத்தியபோது இவர் முதல் தடவையாகப் போன் செய்தார். லாபம் வரும்போது தங்கள் சாமர்த்தியம் என்றவர்கள் நஷ்டம் வந்ததும் ஊர்ச் சொத்தில் கை வைக்கிறார்கள், தெருமுனையில் கடை வைத்திருப்பவன் மூழ்கினால் யார் வருவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ரேடியோக்காரருக்குக் குரல் பிடித்துவிட்டது. ஜம்புநாதன் என்று சொல்ல வாய் வரவில்லை, 'மொன்றியால் ஜிம்' என்று பெயர் வைத்தார். அறுபத்துநாலு வயதில் ஜிம் ஆனார் இவர். கார் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தியபோதும் ஜிம் பேசினார். கடன் வாங்கிச் செலவு செய்து நாட்டை நிமிர்த்தப்போகிறோம் என்றபோதும் ஜிம் பேசினார். இப்படியாக ஆள் வெளியே வராமலே அமெரிக்காவில் பிரபலமாகிவிட்டார்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு வெளிப்படிக்கட்டு. இந்த ஊரில் படிக்கட்டை வீட்டுக்குள் வைக்காமல் தெருவில் தொங்கவிடுவார்கள், யார் செய்த ஏற்பாடோ தெரியாது. இரும்புப் படி, பதினேழு, நடுவில் ஒரு வளைவு. குளிர்காலத்தில் அதன்மேல் ஐஸ் கட்டிக்கொள்ளும். வலது முழங்காலில் மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்ற வேண்டும் என்று குடும்ப டாக்டர் இரண்டாயிரத்து எட்டு ஜனவரியில் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்குள் செய்துவிடுவோம் என்று இந்த மாகாணத்து அரசாங்கத்தின் வாக்குறுதி ஒன்று இருக்கிறது. கேட்டவுடன் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் புரிந்தது, அந்த ஆறு மாதம் எலும்பு நிபுணர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் ஆரம்பமாம். நிபுணரைப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷம் கணக்கிலேயே இல்லை. வலி மட்டும் ஜனவரியிலிருந்து கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. இரண்டு குளிர்காலம் நான் அந்தப் பதினேழு படிக்கு மேலே சிறை இருந்தேன். சனிக்கிழமை தவறாமல் ஜான்-டலோன் சந்தைக்குப் போய்ப் பச்சை மிளகாயைக் கையால் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தவள், புஷ்பராணி கொண்டுவந்து கொடுத்ததைச் சமைத்தேன். மூன்றாவது குளிர்காலம் வருவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று இவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

வான்கூவரிலிருந்து மகள் தாரா, தனியாரிடம் பணம் கட்டிச் செய்துகொள்ளலாமே அம்மா என்றாள். இவர் போனைப் பிடுங்கி, முப்பது வருஷமாக வரி கட்டி இந்த பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், ஏறும் நேரத்தில் டாக்சி பிடிக்கச் சொல்கிறாயா என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இவரோடு வாழ்வதில் இதுதான் சங்கடம், எதிலும் ஒரு நியாயம் இருந்து தொலைக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பது கோடையில் அமெரிக்காவில் புது வைத்திய மசோதா கிளம்பியது. எல்லாருக்கும் இன்ஷூரன்ஸ், அரசாங்கத்தின் கை உள்ளே வரும் என்றார்கள். ரேடியோவில் நாளெல்லாம் கனடா பேச்சுத்தான். கனடாவைப் பாருங்கள், வரிசையைப் பாருங்கள் என்று கனடாவை மேப்பில்கூடச் சரியாகப் பார்க்காதவர்கள் கத்தினார்கள். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கனடாவில் உண்மையாகவே வரிசையில் நிற்கும் ஒரு முழங்கால் தன் வீட்டிலேயே இருக்கிறதே! ஜூலையில் ஒருநாள் சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து இவர் குரல், கூடவே ரேடியோவிலிருந்தும் இவர் குரல். என் வைஃப், அறுபத்தொரு வயது, வலது கால், பத்தொன்பதாவது மாதம் நடக்கிறது, ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வலியை என் வீட்டு ரேடியோவிலேயே கேட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேசி முடித்துவிட்டு வந்தவர், தன்னை மேடைக்கே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

எல்லை தாண்டி ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரர்கள் மசோதாவைப் பற்றிப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பொதுக்கூட்டம் போடுகிறார்கள், ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மொன்றியால் ஜிம் நேரில் வந்து இரண்டு நிமிஷம் பேச வேண்டும். வீட்டம்மாவும் வந்தால் நல்லது. வீட்டம்மா என்றால் முழங்கால் என்று அர்த்தம். வரமாட்டேன் என்றேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் பேசாமல் இருந்தால் நானே பிசகின சாமான் மாதிரி உணர்வேன். மேலும், கோடையில்தானே படி இறங்க முடிகிறது, ஒரு நாளாவது வெளியே போகலாம் என்று சபலப்பட்டேன். அதைச் சொல்லாமல் மறைப்பது பொய்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஷாப்பிங் என்று சொல்லிவிட்டுப் போவார்கள் மற்ற மனிதர்கள். இவர், உங்கள் வைத்திய மசோதா ஏன் தப்பு என்று எடுத்துச் சொல்லப் போகிறேன் என்றார். எங்களை ஓரங்கட்டி உள்ளே உட்காரவைத்தார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அரசாங்கத்தின் கை நீளக்கூடாது என்று பேசப் போகிறவரின் காரில் அரசாங்கம் டிக்கி, டாஷ்போர்டு, என் கைப்பை வரை கைவிட்டுப் பார்த்தது. இவர் தன் செல்போனை அதற்கு முன்பே அணைத்துவிட்டிருந்தார், எல்லை தாண்டினால் கூடுதல் கட்டணம் வரும் என்று. என்னிடம் செல்போன் கிடையாது.

கூடத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். ஒரு பக்கம் மசோதா வேண்டாம் என்கிறவர்கள், மறு பக்கம் வேண்டும் என்கிறவர்கள், நடுவில் வழி. மேடையில் நீள மேஜை, ஏழு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் அட்டை. இவர் போனதும் போகாததுமாக முன்னால் போய் நின்று ஏழு பெயரையும் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டார். அப்போதே எனக்கு விபரீதம் புரிந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா என்றால் நன்றியுரை இவர்தான். தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் இன்னார் அவர்களே, வாழ்த்துரை வழங்க வந்திருக்கும் இன்னார் அவர்களே என்று மேடையில் இருக்கும் ஒருவர் விடாமல் விளித்து, பட்டம் பதவி சொல்லி, பிறகு சபையில் இருக்கும் தாய்மார்களைச் சொல்லி, பிறகுதான் விஷயம். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பம் அடுத்த விழாவுக்கு வராது. ஒரு வருஷம் பொருளாளர் பெயரை மறந்துவிட, அவர் எங்கள் மகள் கல்யாணத்துக்கே வரவில்லை. அதிலிருந்து இவர் ஒருவரையும் விடுவதில்லை என்று வைராக்கியம். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு இடம் பொருள் வேண்டாமா?

ஜிம் பெயரைக் கூப்பிட்டார்கள், ஒரு பக்கம் முழுக்கக் கைதட்டியது. இவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்று, மாண்புமிகு தலைவரில் ஆரம்பித்தார். ஏழு பேரையும் முழுப் பெயரோடு விளித்தார். அதில் ஒருவர் தீயணைப்பு நிலையத் தலைவர், அவருடைய துறையின் தியாகத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தார். பள்ளிக்கூடத்துக்கு நன்றி சொன்னார். காப்பி வைத்த பெண்மணிகளுக்கு நன்றி சொன்னார். கூடம் முதலில் புன்னகைத்தது, பிறகு நெளிந்தது, பிறகு சிரித்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் அட்டையைக் காட்டினாள். இவர் அவளுக்கும் நன்றி சொன்னார். எனது உரையை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறேன், முதலாவதாக என்றபோது சிவப்பு அட்டை வந்தது, மைக் செத்தது. மைக் செத்தது தெரியாமல் இவர் மேலும் பேசிக்கொண்டிருந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

பின்வரிசையில் இரண்டு பையன்கள் இவர் மாதிரியே கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரை நான் திட்டலாம், முப்பத்தைந்து வருஷமாகத் திட்டுகிறேன். நீங்கள் யாரடா? கையைக் கொடுத்துத் தூக்க ஆளில்லாமல், நாற்காலியைப் பிடித்து நானே எழுந்தேன். தடியை ஊன்றிக்கொண்டு நடுவழியில் நடந்தேன். சிரிப்பு நின்றது. மைக்கைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள்.

"நான்தான் அந்த முழங்கால்" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "பத்தொன்பது மாதமாகக் காத்திருக்கிறேன். யாரையும் விளிக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான்."

மசோதா வேண்டும் என்கிற பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்: ஆபரேஷன் நடந்தால் நீங்கள் எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? ஒரு சதமும் இல்லை என்றேன். அந்தப் பக்கம் எழுந்து நின்று கைதட்டியது. உடனே இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்: எப்போது நடக்கும்? தெரியாது, யாரும் சொல்லவில்லை என்றேன். இந்தப் பக்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் விசில் அடித்தார். இரண்டு பக்கமும் மாறி மாறி என் காலைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். கால் நடுங்குகிறது, தடி வழுக்குகிறது, முந்நூறு பேரில் ஒரு மகராசனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடத் தோன்றவில்லை. மேடையில் இருந்த ஏழு பேருக்கும் தோன்றவில்லை. நான் இரண்டு கட்சிக்கும் நன்றாகப் பயன்பட்டேன். அங்கே நின்றபோதே எனக்கு அழுகை வந்தது, வலியால் இல்லை, ஆத்திரத்தால்.

வீடு திரும்பும்போது இவர் ஒரே உற்சாகம். தன் பேச்சு போன இடம் தெரியாமல் போனது இவருக்கு உறைக்கவே இல்லை, நீ அசத்திட்டே கமலி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பதினேழு படி ஏறி உள்ளே வந்தபோது சாயங்காலம் ஏழு மணி. ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மினுங்கியது.

இரண்டு செய்திகள், இரண்டும் ஆஸ்பத்திரியிலிருந்து, பிரெஞ்சில். முதலாவது காலை பத்தே முக்கால்: நாளைக் காலை ஆபரேஷனுக்கு இருந்த ஒருவர் வரவில்லை, இடம் இருக்கிறது, மதாம் கமலினி வர முடியுமா, மூன்று மணிக்குள் சொல்லவும். இரண்டாவது மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது: பதில் இல்லாததால் அடுத்த நபரைக் கூப்பிடுகிறோம். மூன்றுக்குப் பத்து நிமிஷம் என்றால் அந்தக் கூடத்தில் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்த நேரம்.

மறுநாள் காலை இவர் போன் செய்தார். அங்கிருந்த பெண், அழைப்பை எடுக்காததை மறுப்பாகப் பதிவு செய்திருக்கிறோம், பட்டியலில் பின்னால் போகும் என்றாள். இன்னொரு நம்பர் ஏன் கொடுக்கவில்லை என்றும் கேட்டாள். அது எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. இவர் அலமாரியைத் திறந்து ஃபாரத்தின் நகலை எடுத்தார். செல்போன் எண் என்ற இடம் காலி. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேறொருவர் என்ற இடமும் காலி. அரசாங்கத்துக்கு ஒரு நம்பர் போதும், கேட்டதையெல்லாம் கொடுத்தால் நாளைக்கு எங்கே போகிறோம் என்றும் கேட்பான் என்று ஃபாரம் பூர்த்தி செய்யும்போது இவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை முழுக்கக் கீழ்வீட்டில் புஷ்பராணி லீவு போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பரை எழுதியிருந்தால் எல்லை வரை ஆள் அனுப்பியாவது சொல்லியிருப்பாள்.

நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் நகலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, ரேடியோவுக்கு இதைச் சொல்லியே ஆகணும் கமலி, ஒரு நாள் வீட்ல இல்லேன்னா பின்னால தள்ளிடறான், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றார்.

முப்பத்தைந்து வருஷத்தில் நான் அவ்வளவு மெதுவாக அவரிடம் பேசியதில்லை.

"உங்களுக்கு உதாரணம் கிடைச்சுடுச்சு. எனக்குக் கால்தான் கிடைக்கலை. நீங்க சொல்றது எல்லாம் சரி. இந்த வரிசை அநியாயம், அதையும் ஒத்துக்கறேன். ஆனா நேத்து என்னைக் கூப்பிட்டாங்க. நான் அங்க நின்னு கைதட்டு வாங்கிட்டிருந்தேன்."

போனை மெஷினில் வைத்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நேரே போனார். புது ஃபாரம் வாங்கி வந்து, கீழ்வீட்டில் உட்கார்ந்து, வீட்டு நம்பர், செல்போன் நம்பர், புஷ்பராணி நம்பர், வான்கூவரில் தாரா நம்பர் என்று நான்கையும் எழுதினார். இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார் என்று பிறகு புஷ்பராணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நம்பர் கேட்டாராம்.

அதிலிருந்து ஆள் வீட்டைவிட்டு நகரவில்லை. ரேடியோவை வைப்பார், சத்தம் குறைவாக. போனைத் தொடமாட்டார், லைன் பிசியாகிவிடுமாம். புவாண்ட்-கிளேரில் பழைய ஆபீஸ் நண்பர்கள் மாதாமாதம் சாப்பிடக் கூடுவார்கள், அதற்கும் போகவில்லை. நவம்பரில் பனி விழுந்தது. நான் மூன்றாவது தடவையாக மேலே சிறைப்பட்டேன். தினம் காலையில் படியில் உப்புப் போட்டுவிட்டு வருவார், நான் இறங்கப் போவதில்லை என்று தெரிந்தும். எனக்கு அதைப் பார்த்து இரக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரி மேல், ஃபாரம் மேல், கைதட்டிய முந்நூறு பேர் மேல், இவர் மேல். யார் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் நடுவில் வாஷிங்டனில் அந்த மசோதா செனட்டில் ஏறி நின்றது. ரேடியோக்காரரே போன் செய்தார். நாளைக்கு ஒரு மணி நேரம் முழுக்க மொன்றியால் ஜிம்முக்கு ஒதுக்கியிருக்கிறேன், வீட்டு லைனில் இரு, நாடே கேட்கும் என்றார். ஒரு வருஷம் முன்னால் என்றால் இவர் புதுச் சட்டை வாங்கியிருப்பார். இப்போது, மன்னிக்கணும், ஒரு மணி நேரம் லைனைக் கட்டிப்போட முடியாது, ஒரு கால் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அவர் வற்புறுத்தினார். இவர் நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

ஆறு நாள் கழித்து, காலை ஒன்பதரைக்கு மணி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். நான் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வி, மதாம். துமேன். வி."

ஆமாம் அம்மா, நாளைக்கு, ஆமாம். அவ்வளவுதான். தலைவர் இல்லை, முன்னிலை இல்லை, முதலாவதாக இல்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இருபத்து மூணு மாசம், கமலி. நான் சொன்னது சரிதானே?"

சரிதான் என்றேன். பிறகு, செருப்பை விட்டுவிட்டு பூட்ஸை எடுத்து வையுங்கள், நாளைக்குப் படியில் என்னைப் பிடித்துக்கொள்ள உங்கள் இரண்டு கையும் வேண்டும் என்றேன்.